லோவல் பஞ்சாலைப் பெண்கள்: சம்பளம், சேமிப்பு, தனி வாழ்க்கை

வீட்டை விட்டுக் கிளம்பித் தன் காலில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படாத இளைஞர்கள் குறைவு. அதற்கு என்ன தேவை என்று கேட்டால் தைரியம், தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று பட்டியல் நீளும். ஆனால் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இவற்றைவிடச் சாதாரணமான மூன்று கேள்விகள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. சம்பளம் யார் கைக்கு வருகிறது? மிச்சம் பிடித்த காசை எங்கே பத்திரமாக வைப்பது? ராத்திரி எங்கே தங்குவது? இந்த மூன்றுக்கும் விடை கிடைக்காத வரை தைரியம் மட்டும் இருந்து பிரயோஜனம் இல்லை.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு புதிய ஊரில், ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு இந்த மூன்று கேள்விக்கும் ஒரே சமயத்தில் விடை கிடைத்தது. அந்த ஊரின் பெயர் லோவல். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்தப் பெண்கள் எப்படிக் கிளம்பினார்கள், எவ்வளவு சம்பாதித்தார்கள், எவ்வளவு மிச்சம் பிடித்தார்கள், அந்தக் காசு அவர்களுக்கு என்ன வாங்கிக் கொடுத்தது, எதை வாங்கிக் கொடுக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆற்றங்கரையில் ஒரு ஊர்

1810-ல் பிரான்சிஸ் கேபட் லோவல் என்ற பாஸ்டன் வியாபாரி இங்கிலாந்துக்குப் போனார். அங்கே பஞ்சாலைகளில் விசைத்தறிகள் ஓடுவதைப் பார்த்தார். இயந்திரங்களின் வரைபடத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அப்போது இங்கிலாந்தில் தடை. பார்த்ததை மனதில் பதிய வைத்துக்கொண்டு ஊர் திரும்பிய அவர், பால் மூடி என்ற மெக்கானிக்கின் துணையோடு விசைத்தறியை உருவாக்கினார். 1813-ல் கம்பெனி தொடங்கி, 1814-ல் வால்தம் என்ற ஊரில் ஆலையை ஓட்டினார்கள். பஞ்சு உள்ளே போய் துணியாக வெளியே வரும்வரை எல்லா வேலையும் ஒரே கட்டிடத்தில்!

லோவல் 1817-ல் இறந்துவிட்டார். அவருடைய கூட்டாளிகள் இன்னும் பெரிய ஆலைகளுக்கு இடம் தேடினார்கள். மெர்ரிமாக் ஆறு சுமார் 30 அடி இறங்கும் ஓர் இடம் கிடைத்தது. தண்ணீரின் வேகத்தில் சக்கரம் சுற்றும், சக்கரத்தின் வேகத்தில் தறி ஓடும். 1822-ல் கம்பெனி, 1823-ல் உற்பத்தி, 1826-ல் ஊருக்கு லோவலின் பெயர் என்று வேலைகள் மளமளவென்று நடந்தன. 1826-ல் சுமார் 2,500 பேர் இருந்த ஊரில் 1840-ல் 20,000 பேருக்கு மேல். 1850-ல் 33,000-ஐத் தாண்டிவிட்டது.

இவ்வளவு ஆலைகளுக்கு ஆள் வேண்டாமா? அங்கேதான் நம் கதை ஆரம்பிக்கிறது.

அப்பா கையில் சம்பளம்

அதற்கு முன்பே அமெரிக்காவில் நூற்பாலைகள் இருந்தன. ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சாமுவேல் ஸ்லேட்டர் 1790-லேயே நூற்பு இயந்திரங்களை ஓட்டிக் காட்டியவர். அவருடைய பாணியில் நடந்த ஆலைகளில் குடும்பம் குடும்பமாக ஆள் எடுப்பார்கள். பிள்ளைகள் வேலை செய்வார்கள். ஒப்பந்தம் போடுவதும் கூலியை வாங்குவதும் அப்பா. பிள்ளை எத்தனை மணி நேரம் உழைத்தாலும் அது குடும்பக் கணக்கில் போய்ச் சேரும்.

இது ஏதோ ஒரு முதலாளியின் வழக்கம் மட்டும் இல்லை. அன்றைய சட்டமே அப்படித்தான் இருந்தது. மைனர் பிள்ளை சம்பாதிப்பது தந்தைக்குச் சொந்தம். மனைவி சம்பாதிப்பது கணவனுக்குச் சொந்தம். நியூ இங்கிலாந்து பகுதியில் ஒரு விசித்திரமான வழக்கம்கூட இருந்தது. ஒரு தந்தை, பெரும்பாலும் மகனுக்காக, பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் கொடுப்பார். இன்று முதல் இவனுடைய நேரத்தை இவனுக்கே கொடுத்துவிட்டேன், இவன் சம்பாத்தியத்தை இனி நான் கேட்கமாட்டேன், இவன் வாங்கும் கடனுக்கும் நான் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். ஒரு பையன் தனியாகப் போக வேண்டுமானால் அவனுடைய நேரத்தையே அப்பாவிடமிருந்து பெற வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள்!

லோவல் ஆலைகள் வேறு வழியை எடுத்தன. குடும்பத்தை எடுக்காமல், தனித்தனியாகப் பெண்களை எடுத்தார்கள். பெரும்பாலும் 15 வயதிலிருந்து 30 வயது வரை உள்ள, கல்யாணமாகாத பெண்கள். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன், மாசசூசெட்ஸ் பண்ணை வீடுகளிலிருந்து வந்தவர்கள். சம்பளம் அவரவர் பெயரில், அவரவர் கையில், ரொக்கமாக.

முதலாளிகள் இதைப் பெண் விடுதலைக்காகச் செய்யவில்லை. ஆண்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுத்தால் போதும் என்பது ஒரு காரணம். இங்கிலாந்து ஆலை நகரங்களைப் போல நிரந்தர ஏழைக் கூட்டம் ஒன்று இங்கேயும் உருவாகிவிடக் கூடாது, சில வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் ஆட்களே நல்லது என்ற எண்ணம் இன்னொரு காரணம். ஆனால் காரணம் எதுவாக இருந்தாலும், சம்பளம் அந்தப் பெண்ணின் கையில் வந்து விழுந்தது. அதுதான் முக்கியம்.

கிளம்புவதற்கு முன்

அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? 1830-களில் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த ஆங்கில எழுத்தாளர் ஹேரியட் மார்ட்டினோ, பெண்களுக்குத் திறந்திருந்த தொழில்கள் ஏழே ஏழு என்று எண்ணிச் சொன்னார். பள்ளியில் பாடம் சொல்லித் தருவது, தையல், வீட்டில் ஆள் தங்க வைத்துச் சாப்பாடு போடுவது, பஞ்சாலை, அச்சுக் கோப்பது, புத்தகம் பைண்டு செய்வது, வீட்டு வேலை. அவ்வளவுதான். கிராமப் பள்ளி வேலை வருடத்தில் சில மாதம் மட்டும். வீட்டு வேலையில் காசு குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. பஞ்சாலை அதிகம் கொடுத்தது.

மேரி பால் என்ற வெர்மான்ட் பெண்ணின் கடிதங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1845-ல் அவளுக்கு 15 வயது. தாய் இல்லை. லோவலுக்குப் போக அனுமதி கேட்டுத் தந்தைக்குக் கடிதம் எழுதினாள். இங்கே இருந்தால் நல்ல துணிமணிகூட வாங்க முடியாது, அங்கே போனால் அதிகம் சம்பாதிக்கலாம் என்பது அவள் சொன்ன காரணம். பெரிய லட்சியப் பேச்சு எதுவும் இல்லை. துணி வேண்டும், அதற்குக் காசு வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்பும் பெண்கள் சாதாரணமாகத் தனியாகப் போக மாட்டார்கள். ஏற்கனவே ஆலையில் அக்காவோ, சித்தி மகளோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ இருப்பாள். அவள் எழுதிய கடிதத்தில் சம்பளம் எவ்வளவு, எந்த விடுதி நல்லது, எந்த மேற்பார்வையாளர் சிடுசிடுப்பானவர் எல்லாம் இருக்கும். அவள் பேசி வைத்த பிறகு இவள் பெட்டியைக் கட்டுவாள். 1840-களில் ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளும் வந்துவிட்டார்கள். நீண்ட கறுப்பு வண்டி ஒன்று வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் கிராமங்களைச் சுற்றிவரும், ஒரு பெண்ணைக் கொண்டுவந்தால் ஒரு டாலர் கமிஷன், வேலை சுலபம் என்று பொய் சொல்லி ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று தொழிலாளர் பத்திரிகை எழுதியது. யாரையும் தெரியாமல் கிளம்பிய பெண்ணுக்கு ஆபத்து அதிகம் என்பது அன்றைக்கும் உண்மைதான்.

வரவும் செலவும்

சரி, கணக்குக்கு வருவோம்.

ஆலையில் பழகிய ஒரு பெண் வாரத்துக்கு 3 முதல் 4 டாலர் வரை சம்பாதித்தாள். விடுதியில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் வாரம் 75 சென்ட் முதல் 1.25 டாலர் வரை. மீதி கிட்டத்தட்ட 2 டாலர். அதில் துணி, செருப்பு, தபால், சர்ச் இருக்கைக் கட்டணம், நூலகச் சந்தா எல்லாம் போக மிஞ்சுவதுதான் சேமிப்பு.

புதிதாக வந்தவளுக்கு நிலைமை வேறு. மேரி பால் 1845 டிசம்பரில் தந்தைக்குக் கணக்கு எழுதினாள். கைக்கு வந்தது 6 டாலர் 60 சென்ட். விடுதிக்குக் கொடுத்தது 4 டாலர் 68 சென்ட். மீதி 1 டாலர் 92 சென்ட். அதில் மழைக்கும் பனிக்கும் போட ஒரு ஜோடி ரப்பர் காலணி, 50 சென்டுக்கு ஒரு ஜோடி செருப்பு. அடுத்த சம்பளத்திலிருந்து விடுதிச் செலவு போக வாரம் ஒரு டாலர் கிடைக்கும் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாள். அதே கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆலைக்குப் போகும் வழியில் பனியில் வழுக்கி விழுந்து ஒரு பெண் கழுத்து முறிந்து செத்துப் போனாள். ஒருவர் ரயிலில் அடிபட்டு இறந்தார். இன்னொருவர் மேல் பஞ்சுப் பொதி விழுந்தது. சம்பளக் கணக்கும் சாவுக் கணக்கும் ஒரே காகிதத்தில்.

தங்குமிடம்? ஆலைக் கம்பெனிகளே வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் கட்டியிருந்தன. ஒரு வீட்டில் 25 முதல் 40 பெண்கள். ஓர் அறையில் நான்கிலிருந்து ஆறு பேர். ஒரு கட்டிலில் இரண்டு பேர். வீட்டை நடத்துபவர் பெரும்பாலும் ஒரு விதவை அம்மா. ராத்திரி 10 மணிக்குக் கதவு பூட்டப்படும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வேண்டும். நடத்தை சரியில்லை என்றால் வேலை போகும். நல்லபடியாகச் சான்றிதழ் வாங்காமல் வெளியே போனால் ஊரில் வேறு எந்த ஆலையிலும் வேலை கிடைக்காது.

இதைத் தனி வாழ்க்கை என்று சொல்ல முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்பாவின் கண்காணிப்பு போய் கம்பெனியின் கண்காணிப்பு வந்தது. ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டை வைத்துத்தான் பல பண்ணை வீட்டு அப்பாக்கள் மகளை அனுப்பச் சம்மதித்தார்கள். முழுச் சுதந்திரம் இல்லை. ஆனால் வீட்டு வாசலைத் தாண்ட அது ஒரு படியாக இருந்தது.

பாஸ்புக்

இப்போது இரண்டாவது கேள்வி. மிச்சம் பிடித்த காசை எங்கே வைப்பது? ஆறு பேர் தூங்கும் அறையில் பெட்டிக்குள் டாலரை வைத்தால் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

அந்தக் காலத்துச் சாதாரண வங்கிகள் வியாபாரிகளுக்கானவை. கூலிக்காரர் கொண்டுவரும் ஒரு டாலர், இரண்டு டாலரை அவை சீந்தாது. சிறு காசைச் சேர்த்து வைக்கும் வங்கி என்ற எண்ணமே புதிது. 1810-ல் ஸ்காட்லாந்தில் ரத்வெல் என்ற சின்ன ஊரில் ஹென்றி டங்கன் என்ற பாதிரியார் அப்படி ஒன்றைத் தொடங்கினார். அந்த யோசனை கடல் தாண்டி 1816-ல் பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் வந்தது. 1829-ல் லோவலிலேயே ஒரு சேமிப்பு வங்கி பதிவானது. ஊருக்கு லோவல் என்று பெயர் வைத்து மூன்றே வருடத்தில்!

இதன் பலனை ஒரு பிரபலமான விருந்தாளி உலகத்துக்குச் சொன்னார். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842 பிப்ரவரியில் லோவலுக்கு வந்தார். இங்கிலாந்து ஆலைகளின் அவலத்தைப் பார்த்தவர் அவர். அந்த வருடமே வெளியான தன் பயண நூலில், இங்கிலாந்து வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று மூன்று விஷயங்களைச் சொன்னார். பல விடுதிகளில் பெண்கள் கூட்டாக வாங்கிய பியானோ இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லோரும் நூலகத்தில் சந்தா கட்டுகிறார்கள். ஆலைப் பெண்களே எழுதி ஒரு மாத இதழ் நடத்துகிறார்கள். இவற்றோடு இன்னொரு கணக்கும் தந்தார். 1841 ஜூலையில் லோவல் சேமிப்பு வங்கியில் ஆலைப் பெண்கள் 978 பேர் கணக்கு வைத்திருந்தார்கள். மொத்தச் சேமிப்பு சுமார் 1,00,000 டாலர்.

வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சுமார் 102 டாலர். வாரத்துக்கு இரண்டு டாலர் மிச்சம் பிடிப்பவளுக்கு அது ஒரு வருடச் சேமிப்பு. பெரிய தொகைதான். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. அப்போது லோவல் ஆலைகளில் வேலை செய்தவர்கள் கிட்டத்தட்ட 8,000 பேர். அவர்களில் பெரும்பகுதி பெண்கள். 978 என்பது அந்தப் பெண்களில் ஒரு சிறு பகுதி. மற்றவர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள், செலவு செய்தார்கள், அல்லது சேமிக்கும் அளவுக்குத் தங்காமலே திரும்பினார்கள். கம்பெனிகளுக்கு இந்த எண்ணைச் சொல்வதில் பெருமை இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

காசு என்ன வாங்கிக் கொடுத்தது?

பத்து வயதில் ஆலைக்குப் போனவர் ஹேரியட் ஹான்சன். தந்தை இறந்த பிறகு தாய் லோவலில் விடுதி நடத்தினார். நூல் நிறைந்த பாபின்களை எடுத்துவிட்டு காலி பாபின்களை மாட்டுவது சிறுமியின் வேலை. 1898-ல் அவர் வெளியிட்ட நினைவு நூல் லோவல் வாழ்க்கையைப் பற்றிய முக்கியமான ஆதாரம். பண்ணைக் கடனை அடைக்க உழைத்தவர்கள், தம்பியையோ அண்ணனையோ கல்லூரிக்கு அனுப்ப உழைத்தவர்கள் என்று பலரை அவர் காட்டுகிறார். அக்கா பதின்மூன்று மணி நேரம் தறி முன்னால் நிற்பாள், தம்பி பட்டம் வாங்குவான். பெண்களைச் சேர்க்கும் கல்லூரிகள் அப்போது இல்லை என்றே சொல்லலாம்.

அவர் சொல்லும் இன்னொரு விஷயம் மனதை உறுத்தும். சில பெண்கள் பொய்ப் பெயரில் வேலை செய்தார்களாம். ஏன்? கணவனிடமிருந்து தப்பி வந்தவர்கள். பெயர் தெரிந்தால் கணவன் வந்து சட்டப்படி சம்பளத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். சம்பளம் யார் கைக்கு வருகிறது என்ற கேள்வி அவர்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. மாசசூசெட்ஸில் மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது 1855-ல்தான்.

தாமஸ் டப்ளின் என்ற சரித்திர ஆசிரியர் ஆலைக் கம்பெனியின் பதிவேடுகளையும் பெண்களின் கடிதங்களையும் ஊர்ப் பதிவுகளோடு ஒப்பிட்டு 1979-ல் ஒரு நூல் எழுதினார். குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழியின்றி வந்தவர்கள் குறைவு, தங்களுக்காகச் சம்பாதிக்க வந்தவர்களே அதிகம் என்பது அவர் முடிவு. துணி, கல்யாணத்துக்கான சேமிப்பு, ஒரு வருடப் படிப்பு என்று நோக்கங்கள் பல. ஊரிலேயே இருந்துவிட்ட பெண்களைவிட இவர்கள் சற்றுத் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். விவசாயிகளை மணந்தவர்கள் குறைவு. பலர் பண்ணைக்குத் திரும்பாமல் நகரத்திலேயே தங்கினார்கள். சில வருட வேலைதான். ஆனால் அது வாழ்க்கையின் திசையை மாற்றியது.

லூசி லார்கம் 11 வயதில் ஆலைக்குள் நுழைந்தவர். 1846-ல் இல்லினாய்ஸ் போய்ப் பள்ளியில் பாடம் நடத்தி, தானும் படித்து, பின்னர் மாசசூசெட்ஸில் வீட்டன் கல்விக்கூடத்தில் ஆசிரியை ஆனார். கவிஞராகப் பெயர் பெற்றார். மார்கரெட் ஃபோலி ஆலை வேலையிலிருந்து சிற்பக்கலைக்குப் போய் ரோம் நகரில் வாழ்ந்தார். சாரா பேக்லி 1846-ல் லோவல் தந்தி அலுவலகத்தை நடத்தினார். அமெரிக்காவின் முதல் பெண் தந்தி ஊழியர்களில் ஒருவர் அவர். மேரி பால் என்ன ஆனாள்? நியூ ஜெர்சியில் ஒரு கூட்டு வாழ்க்கைக் குடியிருப்பில் சில காலம் இருந்துவிட்டு, நியூ ஹாம்ப்ஷயரில் வீட்டு நிர்வாக வேலை பார்த்து, 1857-ல் கல்யாணம் செய்துகொண்டு லின் நகரில் குடியேறினாள்.

சேமிப்பு ஆயுதமான நாள்

1834 பிப்ரவரியில் ஆலைகள் சம்பளத்தைக் குறைப்பதாக அறிவித்தன. சுமார் 800 பெண்கள் வேலையை விட்டு ஊர்வலமாக வெளியே வந்தார்கள். அப்போது அவர்கள் செய்த ஒரு காரியம் கம்பெனிக்காரர்களைத் திகைக்க வைத்தது. நேராக வங்கிக்குப் போய்த் தங்கள் சேமிப்பைத் திரும்பக் கேட்டார்கள். இரண்டு வங்கிகளில் ஒரே கூட்டம்!

சில நாட்களில் வேலைநிறுத்தம் தோற்றது. பலர் குறைந்த சம்பளத்துக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் ஊரை விட்டே போனார்கள். ஆனால் போக முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் காசு இருந்ததால் போக முடிந்தது. 1836 அக்டோபரில் விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோது 1,500 பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். ஹேரியட் ஹான்சனுக்கு அப்போது 11 வயது. அவர் இருந்த தளத்தில் மற்றவர்கள் தயங்கி நிற்க, அவர் முதலில் நடந்தார், எல்லோரும் பின்னால் வந்தார்கள். மகளைக் கட்டுப்படுத்தவில்லை என்று விடுதி நடத்திய தாயின் வேலையைக் கம்பெனி பறித்தது.

சேமிப்பால் முடியாததும் இருந்தது. வாரத்துக்குச் சராசரி 73 மணி நேர வேலையைச் சேமிப்பால் குறைக்க முடியவில்லை. ஒரு பெண் கவனிக்க வேண்டிய தறிகள் கூடின, வேகம் கூடியது, சம்பளம் அதற்கேற்றபடி கூடவில்லை. 1845-ல் சாரா பேக்லி தலைமையில் பெண்கள் சங்கம் அமைத்து, பத்து மணி நேர வேலைக்காக ஆயிரக்கணக்கான கையெழுத்துகளோடு சட்டமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். வில்லியம் ஷௌலர் தலைமையிலான குழு விசாரித்துவிட்டு, சட்டமன்றம் இதில் தலையிட வேண்டியதில்லை என்று கையை விரித்தது. ஓட்டுரிமை இல்லாத அந்தப் பெண்கள் அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்கப் பிரச்சாரம் செய்தார்கள், அவர் தோற்றார்! ஆனால் பெண்களுக்குப் பத்து மணி நேரச் சட்டம் மாசசூசெட்ஸில் வந்தது 1874-ல்தான்.

சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்தத் தறிகளில் ஓடிய பஞ்சு அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. லோவலில் நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அடிமைகளுக்கே உடையாகத் திரும்பிப் போனது. ஒரு பெண்ணின் பாஸ்புக்கில் ஏறிய டாலருக்குப் பின்னால், ஒரு சென்ட்கூடச் சம்பளம் வாங்காத, தன் உடல்கூடத் தனக்குச் சொந்தமில்லாத இன்னொரு பெண் இருந்தாள். லோவல் பெண்களில் பலர் அடிமை முறைக்கு எதிரான மனுக்களில் கையெழுத்துப் போட்டதற்கு இந்த உறவும் ஒரு காரணம்.

கதவு மூடியது

1840-களின் பிற்பகுதியில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். பஞ்சத்தில் தப்பியவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். லோவலின் ஹாமில்டன் கம்பெனியில் 1836-ல் வெளிநாட்டில் பிறந்த தொழிலாளர்கள் 4 சதவீதம்கூட இல்லை. 1860-ல் 60 சதவீதத்துக்கு மேல். பண்ணைப் பெண்களுக்குத் திரும்பிப் போக வீடு இருந்தது. ஐரிஷ் பெண்களுக்கு இல்லை. குடும்பமே சேர்ந்து உழைத்தால்தான் அடுப்பு எரியும். மகளின் சம்பளம் மறுபடியும் குடும்பத்தின் பொதுக் கணக்குக்குப் போனது. அதே ஆலை, அதே தறி. ஆனால் முன்பு வந்தவளுக்கு அது வெளியே போகும் வழி, பின்னால் வந்தவளுக்கு அது பிழைப்பு.

இந்த இடத்தில் நம் ஊர் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 2000-களில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். ஹாஸ்டல் உண்டு, கட்டுப்பாடு உண்டு, கல்யாணத்துக்குச் சேமிப்பு என்ற பேச்சும் உண்டு. எல்லாம் லோவல் போலவே தெரியும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே சேமிப்பு அந்தப் பெண்ணின் பெயரில் வங்கியில் இருந்தது, கோபம் வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். இங்கே பணம் ஆலையிடமே இருந்தது, மூன்று வருடம் முடிந்தால்தான் மொத்தத் தொகை. நடுவில் கிளம்பிய பலருக்கு அது கிடைக்கவில்லை. சேமிப்பு என்ற அதே சொல் ஒரு இடத்தில் சாவியாகவும் இன்னொரு இடத்தில் பூட்டாகவும் இருந்தது.

லோவலின் பழைய ஆலைகளும் விடுதியும் 1978-ல் தேசியச் சரித்திரப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பூட் ஆலையில் பழைய தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். காதைப் பிளக்கும் அந்தச் சத்தத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் நின்றவர்கள் சேர்த்த காசு அது.

படிப்பு முடிந்து முதல் வேலைக்குப் போகிறவர்கள், ஹாஸ்டலோ வாடகை அறையோ தேடுகிறவர்கள் எல்லோரும் மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுவது வழக்கம். நல்லதுதான். லோவல் பெண்களின் கதை அதற்கு முன்னால் வேறு மூன்று கேள்விகளை வைக்கிறது. சம்பளம் யார் பெயரில் வருகிறது? வேண்டும் என்கிற நாளில் அதை எடுக்க முடியுமா? வேண்டாம் என்று கிளம்பினால் போக ஓர் இடம் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால், மிச்சம் பிடித்தது 1 டாலர் 92 சென்டாக இருந்தாலும் அது நம்முடையது.